ராக் பேண்டின் ‘ஃப்ரண்ட்மேன்’: பாட்டுக்காரரா, கட்டியக்காரனா?

2024 செப்டம்பரில் லிங்கின் பார்க் என்ற அமெரிக்க ராக் பேண்டு ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு மேடைக்குத் திரும்பியது. 2017 ஜூலையில் இறந்துபோன செஸ்டர் பென்னிங்டன் நின்ற இடத்தில் எமிலி ஆம்ஸ்ட்ராங் என்ற பெண் நின்று பாடினார். அதிலிருந்து ராக் கேட்கும் பிள்ளைகளிடையே ஒரு வழக்கு ஓய்ந்தபாடில்லை. செஸ்டர் இல்லாமல் அது லிங்கின் பார்க்கே இல்லை என்பது ஒரு கட்சி. பாட்டு அதேதான், கிதார் அதேதான், பாடுகிறவர் மாறினால் என்ன குடி முழுகிவிட்டது என்பது எதிர்க்கட்சி. இதை வெளியிலிருந்து பார்க்கிற பெரியவர்களுக்கோ வேறொரு குழப்பம். மாரியம்மன் பண்டிகைக்கு வருகிற மெல்லிசைக் குழுவில் ஒரே பாட்டை ஆளுக்கு ஆள் பாடுகிறார்கள். அங்கே யாரும் சண்டை போடுவதில்லையே?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தப் பேச்சு எழுவதற்கு ஊரின் இருப்பிடமும் ஒரு காரணம். ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலிருந்து 90. ரோலிங் ஸ்டோன்ஸ் 2003இலும், அயர்ன் மெய்டன் 2007இலும், மெட்டாலிகா 2011இலும் அங்குள்ள அரண்மனை மைதானத்தில்தான் வாசித்தார்கள். வேலைக்கும் படிப்புக்கும் தினமும் அந்த ஊருக்குப் போய்வருகிறவர்கள் அந்த இசையையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் அதோடு வந்த ‘ஃப்ரண்ட்மேன்’ என்ற சொல்லை நம் செய்திகள் ‘முன்னணிப் பாடகர்’ என்று எழுதி முடித்துவிடுகின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில், பேண்டு என்றால் என்ன?

நம் மெல்லிசைக் குழு யாரோ இசையமைத்த பாட்டுகளை, கேட்டவர்களுக்குப் பழக்கமான வடிவத்திலேயே திரும்பத் தருகிறது. பாடகர்கள் முறைவைத்து வருவார்கள், போவார்கள். அடுத்த பாட்டு என்ன என்று சொல்லத் தனியாக ஒரு அறிவிப்பாளர் இருப்பார். வாத்தியக்காரர்கள் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

ராக் பேண்டு என்பது பெரும்பாலும் நான்கைந்து பேர் கொண்ட நிலையான கூட்டாளிக் குழு. டிரம்ஸ், பேஸ் கிதார், ஒன்றோ இரண்டோ எலெக்ட்ரிக் கிதார், சில சமயம் கீபோர்டு, அப்புறம் குரல். பாட்டை அவர்களே எழுதி, அவர்களே மெட்டுக் கட்டி, அவர்களே வாசிக்கிறார்கள். சினிமாவில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர், திரையில் வாயசைக்கும் நடிகர் என்று நான்கு பேருக்குப் பிரிந்து கிடக்கும் வேலை இங்கே ஒரே குழுவுக்குள் இருக்கிறது. அதனால்தான் ஆள் மாறும்போது கேட்பவர்களுக்குச் சொந்தத்தில் ஒருவரை இழந்த மாதிரி இருக்கிறது.

இந்தக் குழுவில் நடுவில், மேடை விளிம்புக்கு அருகில் நிற்பவர் ஃப்ரண்ட்மேன். பெண்களும் இந்த இடத்தில் தொடக்கத்திலிருந்தே நின்றிருக்கிறார்கள். 1960களில் ஜேனிஸ் ஜாப்ளின், 1970களில் பிளாண்டி பேண்டின் டெபி ஹேரி. ஆகவே இந்தக் கட்டுரையில் ‘முன்னிற்பவர்’ என்றே சொல்வோம்.

அவருக்கு மூன்று வேலைகள். பாட்டைப் பாடுவது ஒன்று. பேண்டின் சார்பாகப் பேசுவது, பார்ப்பது, முகம் காட்டுவது இரண்டு. கூட்டத்தின் மூச்சைக் கேட்டு அதற்கேற்ப நிகழ்ச்சியை நடத்துவது மூன்று. முதல் வேலையை மட்டும் செய்பவர் பாடகர். மூன்றையும் செய்பவர்தான் முன்னிற்பவர். மூன்றாவது வேலைதான் சிறந்தவரையும் சாதாரணமானவரையும் பிரிக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. வாய் திறந்து பாடுவதைவிடக் காது திறந்து கேட்பதில்தான் இந்தக் கலை இருக்கிறது.

எல்லா பேண்டுக்கும் இப்படி ஒருவர் கட்டாயம் என்பதில்லை. பீட்டில்ஸில் நால்வருமே பாடினார்கள், முகமும் நால்வருடையதுதான். பிங்க் ஃப்ளாய்டில் 1968இல் சிட் பாரெட் விலகிய பிறகு விளக்கும் திரையும்தான் முன்னால் நின்றன, ஆட்கள் இருட்டில் நின்றார்கள்.

கூத்துக் களத்தில் பார்த்தால் புரியும்

இந்த இரண்டு மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவில் பகலில் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, கடைசியில் மண்ணால் படுக்கவைத்த துரியோதனன் படுகளம் என்று பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே ஏராளம்.

கூத்தில் வேஷக்காரர் ஒரு அடியைப் பாடிவிட்டு ஆடத் திரும்புவார். பெஞ்சில் ஆர்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் பக்கத்தில் இருக்கிற பின்பாட்டுக்காரர்கள் அந்த அடியை அப்படியே பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் பாடும் நேரம் வேஷக்காரருக்கு மூச்சு வாங்கும் நேரம், ஆடும் நேரம், சபையைப் பார்க்கும் நேரம். பின்பாட்டுக்காரர் ஒரு நொடி பிந்தினாலும் வேஷம் தள்ளாடும். நல்ல வேஷக்காரர் பெஞ்சை ஒரு காதால் கேட்டுக்கொண்டேதான் ஆடுவார்.

கட்டியக்காரனின் வேலை வேறு. வேஷம் திரைக்குப் பின்னால் வந்து நிற்கும்போது யார் வந்திருப்பது என்று கேட்பது அவன்தான். ராஜாவிடம் பேசிக்கொண்டே சபையிடமும் பேசுவான். நடுச்சாமம் தாண்டி இரண்டு மணிக்குக் கூட்டம் போர்வைக்குள் சுருண்டுவிட்டது என்றால் அதை முதலில் கவனிப்பதும் அவன்தான். உடனே கதையை நிறுத்தி, ஊர் விவகாரம் ஒன்றை இழுப்பான். முன்வரிசையில் தூங்கி வழிகிற ஒருவரைப் பார்த்து ஒரு சொல் விடுவான். சிரிப்பு கிளம்பும், ஜனம் எழுந்து உட்காரும். கூட்டம் விழித்துக்கொண்டது என்று தெரிந்த நொடியில் பேச்சை வெட்டிவிட்டு வேஷத்துக்கு வழிவிடுவான். சிரிப்பு வருகிறதே என்று இன்னும் ஐந்து நிமிடம் இழுத்தால் கதை கெட்டுவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

கூத்தில் இது இரண்டு பேர் வேலை. ராக் மேடையில் வேஷமும் அவரே, கட்டியக்காரனும் அவரே. டிரம்ஸும் கிதாரும் அவருடைய பெஞ்சு. இரண்டு கலையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. கூத்துக்கு முன்பே தெரிந்த கதை உண்டு, இரவு முழுவதும் நேரம் உண்டு, ராக் பேண்டுக்கு இரண்டுமே கிடையாது. ஆனால் சபையைக் கேட்டு நடத்துவது என்ற வேலை இரண்டிலும் ஒன்றுதான்.

ஒலி பிந்துகிற கணக்கு

‘கூட்டத்தைக் கேட்பது’ என்பதை உணர்ச்சி சார்ந்த விஷயமாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்குள் ஒரு இயற்பியல் கணக்கு இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் முன்னிற்பவர் மேடையில் செய்கிற பல காரியங்களுக்குக் காரணம் தெரிந்துவிடும்.

1. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பாட்டு கிட்டத்தட்ட 0.3 நொடி பிந்தித்தான் போய்ச் சேரும். மைதானத்தின் நடுவில் கூடுதல் ஸ்பீக்கர் கோபுரங்கள் வைத்தாலும் அவற்றின் ஒலியையும் வேண்டுமென்றே அதே அளவு பிந்தவைக்கிறார்கள். இல்லாவிட்டால் மேடை ஒலி ஒரு தடவை, கோபுர ஒலி ஒரு தடவை என்று இரட்டையாகக் கேட்கும்.

2. அந்த ஆள் தாளத்துக்குச் சரியாகக் கைதட்டுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் கேட்ட தாளமே பிந்தியது. அவர் தட்டிய ஓசை மேடைக்குத் திரும்ப இன்னொரு 0.3 நொடி. மொத்தம் 0.6 நொடி. நிமிடத்துக்கு 120 அடி விழுகிற பாட்டில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி அரை நொடிதான். அதாவது கடைசி வரிசையின் கைதட்டல் மேடைக்கு வருவதற்குள் பாட்டு ஒரு அடிக்கும் மேல் தாண்டிப் போயிருக்கும்.

3. ஆக, கூட்டத்தின் கைதட்டலோடு சேர்ந்து பாடப் போனால் பாட்டு இழுபட்டுக்கொண்டே போய்க் கவிழ்ந்துவிடும். தாளத்துக்கு டிரம்ஸைக் கேட்க வேண்டும். மனநிலைக்குக் கூட்டத்தைக் கேட்க வேண்டும். இரண்டு காதுக்கும் இரண்டு வேலை. புதிதாக மேடை ஏறுகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

4. ஒலி பிந்தும், ஒளி பிந்தாது. பாடகர் தலைக்கு மேல் கையை உயர்த்தி அடித்தால் அது கடைசி வரிசைக்கும் அந்தக் கணமே தெரியும். பெரிய கையசைவும் பெரிய நடையும் அலட்டலாகத் தோன்றலாம். பாதி நேரம் அவை தாளம் காட்டும் வேலையைச் செய்கின்றன. கூத்து வேஷக்காரரின் புஜக்கட்டையும் கிரீடமும் அகலமாக இருப்பதற்கும் தூரத்துக் கண்தான் காரணம்.

முன்னிற்பவருக்கு டிரம்ஸே கேட்காமல் போனால்? 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸுக்கு அதுதான் நடந்தது. 55,000 பேருக்கு மேல் கூடிய கூட்டம். கிதார்களுக்கு 100 வாட் ஆம்ப்ளிஃபயர்கள். குரலுக்கு ஸ்டேடியத்தில் ஏற்கெனவே மாட்டியிருந்த ஸ்பீக்கர்கள். பாடகர்கள் தங்களை நோக்கித் திருப்பி வைக்கிற ‘மானிட்டர்’ ஸ்பீக்கர் அப்போது இல்லை. கூச்சலில் ஒருவர் வாசிப்பது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார் முன்னால் நிற்பவர்களின் உடல் அசைவைப் பார்த்துத்தான் பாட்டு எங்கே போகிறது என்று கண்டுபிடித்தார். மறு ஆண்டே அவர்கள் சுற்றுப்பயணக் கச்சேரிகளை நிறுத்திவிட்டார்கள். அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் மேடையில் தன் குரல் தனக்கே கேட்காத நிலை எந்தக் கலைஞரையும் சோர்வடையவைக்கும்.

மானிட்டர் ஸ்பீக்கர்கள் பிற்பாடு பரவின. இப்போது பெரிய மேடைகளில் காதுக்குள் பொருத்தும் மானிட்டர்கள் வந்துவிட்டன. அதில் இன்னொரு சிக்கல்: காதை முழுக்க அடைத்துவிட்டால் பேண்டு துல்லியமாகக் கேட்கும், கூட்டம் கேட்காது. அதனால்தான் மேடை விளிம்பில் கூட்டத்தை நோக்கித் தனி மைக்குகளை வைத்து, அந்த இரைச்சலையும் கொஞ்சம் கலந்து பாடகர் காதுக்கு அனுப்புகிறார்கள். நடுப்பாட்டில் பாடகர் ஒரு காதிலிருந்து மானிட்டரைப் பிடுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது கூட்டத்தைக் கேட்பதற்காகத்தான்.

வெம்ப்ளியில் 21 நிமிடம்

இந்தக் கணக்கையெல்லாம் உடம்பிலேயே ஏற்றி வைத்திருந்த ஒருவரை அருகில் வைத்துப் பார்ப்போம். குவீன் என்ற பிரிட்டிஷ் பேண்டின் முன்னிற்பவர் ஃப்ரெடி மெர்க்குரி. 1946இல் சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் ஃபரூக் புல்சாராவாகப் பிறந்தவர். மகாராஷ்டிரத்துப் பஞ்சகனியில் உள்ள விடுதிப் பள்ளியில் படித்து, அங்கேயே பள்ளித் தோழர்களோடு முதல் பேண்டில் பியானோ வாசித்தவர்.

1985 ஜூலை 13. எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் ‘லைவ் எய்டு’ கச்சேரி. சுமார் 72,000 பேர். வந்தவர்கள் குவீன் பேண்டைப் பார்க்கவென்றே வந்தவர்களில்லை. இன்னும் பொழுது சாயவில்லை, ஆகவே விளக்கு ஜாலத்துக்கு வழியில்லை. கிடைத்தது ஏறக்குறைய 21 நிமிடம். குவீன் முன்கூட்டியே லண்டனில் ஒரு நாடக அரங்கை எடுத்து ஒத்திகை பார்த்து, பாட்டுகளைச் சுருக்கி, ஒன்றோடொன்று கோத்துத் தயாராக வந்திருந்தது.

ஃப்ரெடி முதலில் பியானோவில் உட்காருகிறார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் மெதுவான தொடக்கப் பகுதி. அது முடிகிறபோது எழுந்து, அடிப்பகுதி இல்லாத பாதி மைக் ஸ்டாண்டைக் கையில் எடுத்துக்கொள்கிறார். பழைய கச்சேரி ஒன்றில் ஸ்டாண்ட் உடைந்துபோக, அதையே வழக்கமாக்கிக்கொண்டார் என்று சொல்வார்கள். தரையில் ஊன்றிய ஸ்டாண்ட் பாடகரை ஒரு இடத்தில் கட்டிப்போடும். வெறும் மைக் கைக்குள் மறைந்துவிடும். இந்தப் பாதிக் கம்போ கடைசி வரிசைக்கும் தெரியும், கூடவே நடக்கும். அதற்கடுத்த பாட்டில் தலைக்கு மேல் இரட்டைக் கைதட்டல் வருகிறது. மைதானம் முழுக்கக் கைகள் எழுகின்றன.

அப்புறம் அவர் செய்ததுதான் இங்கே முக்கியம். பேண்டை நிறுத்திவிடுகிறார். தாளம் இல்லை, வாத்தியம் இல்லை. ‘ஏ...ஓ’ என்று ஒரு சின்ன இழுப்பு. நிறுத்துகிறார். 72,000 பேரின் குரல் திரும்பி வருகிறது. அது முழுதாக வந்து சேரும் வரை காத்திருந்து, இன்னொரு இழுப்பு, கொஞ்சம் நீளமாக. மறுபடி காத்திருப்பு. பிறகு மேலே ஏறி ஒரு நீண்ட ஒற்றைச் சுரம். கூட்டம் அதையும் பிடிக்க முயல்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கஷ்டமாக்கிக்கொண்டே போகிறார், கூட்டமும் விடாமல் வருகிறது.

மேலே பார்த்த 0.6 நொடிச் சிக்கலை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். தாளமே இல்லாதபோது பிந்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. தாளம் ஓடும் வரை கூட்டத்தைப் பின்தொடரக் கூடாது. கூட்டத்தோடு பேச வேண்டுமென்றால் தாளத்தை நிறுத்திவிட வேண்டும். இந்தத் தீர்மானத்தை எடுத்தவருக்கு எவ்வளவு பெரிய குரல் இருந்தாலும், அந்த முப்பது நாற்பது நொடியில் ஜெயித்தது காத்திருந்த மௌனம்தான். ராக் மேடை வரலாற்றில் இதைவிடத் துல்லியமாகக் கேட்கப்பட்ட ஒரு கூட்டம் இல்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

அதே நாள், அதே மேடையில் இன்னொரு உதாரணமும் கிடைக்கிறது. யூ2 பேண்டின் போனோ, பாட்டின் நடுவே மேடையிலிருந்து கீழே குதித்து, முன்வரிசைக் கூட்டத்திலிருந்து வெளியே கொண்டுவரப்பட்ட ஒரு பெண்ணை அணைத்தபடி ஆடினார். மேடையில் இருந்த மற்ற மூவருக்கும் அவர் எங்கே போனார் என்றே தெரியவில்லை. அதே சுரங்களைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு சுமார் 12 நிமிடம் நீண்டது, மூன்றாவதாகப் பாடவேண்டிய பெரிய ஹிட் பாட்டுக்கு நேரமே இல்லாமல் போயிற்று. காரியம் கெட்டது என்றுதான் பேண்டு நினைத்தது. பார்த்தவர்கள் மனத்தில் பதிந்ததோ அந்த இறக்கம்தான். கட்டியக்காரனாக அவர் ஜெயித்தார். பெஞ்சை மறந்த வேஷக்காரனாக மாட்டிக்கொண்டார். இரண்டு தீர்ப்பும் சரிதான்.

அப்படியானால் எவற்றைப் பார்த்து எடைபோடுவது?

1. குரலின் அடையாளம். சுருதி சுத்தம் வேண்டும்தான். ஆனால் ராக்கில் அதைவிட முக்கியம், இரண்டு நொடி கேட்டாலே யார் என்று தெரிய வேண்டும் என்பது. மிக் ஜாகரின் குரலைவிட இனிமையான குரல்கள் ஆயிரம் உண்டு. 1962இலிருந்து ரோலிங் ஸ்டோன்ஸின் குரலாக நிற்பது அவருடையதுதான்.

இதில் மைக் பிடிக்கிற கலையும் சேரும். 1966இல் வந்து இன்றும் மேடைகளில் காணப்படும் ஷூர் எஸ்எம்58 போன்ற மைக்குகள் முன்பக்க ஒலியை வாங்கி, பின்பக்க ஒலியைத் தள்ளிவிடும்படி அமைக்கப்பட்டவை. தலையிலுள்ள வலைக்கூண்டைக் கையால் மூடிப் பிடித்தால் அந்த அமைப்பு கெட்டு, மைக் எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை இழுக்கும். உடனே மானிட்டரின் சத்தமும் உள்ளே புகுந்து ‘கூ’வென்று ஊளையிடும். கல்யாண மண்டபத்தில் காதைப் பொத்தவைக்கும் அதே ஊளைதான். இன்னொன்று, உதட்டுக்கு மிக அருகில் வைத்தால் குரலில் கனம் கூடும்; கத்தும்போது சற்று விலக்கினால் ஒலி பிசிறாது. நல்ல பாடகரின் மைக் கை அசைந்துகொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம்.

2. உடம்பு. ஓடி ஆடியே தீர வேண்டும் என்பதில்லை. ஓயசிஸ் பேண்டின் லியம் கல்லகர் கைகளைப் பின்னால் கட்டி, உயரமான மைக்கை அண்ணாந்து பார்த்து, அசையாமல் நிற்பார். கூட்டம் அவரைவிட்டுக் கண்ணை எடுக்காது. ஃபூ ஃபைட்டர்ஸின் டேவ் குரோல் 2015 ஜூனில் ஸ்வீடனில் மேடையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு, கட்டுப் போட்டுவந்து அதே கச்சேரியை முடித்தார். பிற்பாடு மேடைக்குத் திரும்பியபோது நாற்காலியில் உட்கார்ந்தே கச்சேரிகளை நடத்தினார். ஆட்டம் போனாலும் அவருடைய இடம் போகவில்லை.

3. பேச்சு. சுருக்கமாக இருந்தால் நல்லது. அயர்ன் மெய்டனின் புரூஸ் டிக்கின்சன் எந்த ஊரில் நின்றாலும் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கத்தச் சொல்வார்.

4. வழிவிடுதல். கிதார்க்காரர் தனி வாசிப்புக்கு வரும்போது முன்னிற்பவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். டிரம்ஸ் பக்கம் போய்த் தண்ணீர் குடிப்பார், அல்லது கிதார்க்காரரையே பார்த்தபடி நிற்பார். கூட்டத்தின் கண் அவர் பார்க்கிற பக்கம் போகும். அந்த நேரத்திலும் நடுவில் நின்று குதிப்பவர் மற்றவருக்குச் சேர வேண்டிய கவனத்தையும் தானே எடுத்துக்கொள்கிறார்.

5. பொறுப்பு. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும். நெரிசல் ஏற்பட்டால் பல்லாயிரம் பேரும் ஒரே சமயத்தில் கேட்கக்கூடிய குரல் மேடையில் இருப்பவருடையது மட்டும்தான். 2000 ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழாவில் பேர்ல் ஜாம் பேண்டு வாசித்துக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் மக்கள் சரிந்து விழுந்தார்கள். அதன் பாடகர் எடி வெடர் பாட்டை நிறுத்தி, எல்லோரும் பின்னால் நகரும்படி கேட்டுக்கொண்டார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஒன்பது பேர் இறந்தார்கள். இருட்டில், விளக்கு கண்ணைக் கூசவைக்கும் மேடையிலிருந்து, ஐம்பது அடி தள்ளி நடப்பதைப் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதை அந்த இரவு காட்டியது. முன்வரிசை முகங்களைக் கவனிக்கிற பழக்கத்தை ரசனை சார்ந்த விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. உயிர் சம்பந்தப்பட்டது அது.

கூட்டத்தோடு உறவு முறிந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு உதாரணம் உண்டு. 1977 ஜூலையில் மான்ட்ரியால் ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் பிங்க் ஃப்ளாய்டின் ரோஜர் வாட்டர்ஸ், முன்னால் கூச்சல் போட்ட ஒரு ரசிகர் மேல் துப்பிவிட்டார். பிறகு தன் செய்கையை நினைத்து அவரே வெட்கப்பட்டார். தனக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு சுவர் எழும்பி நிற்கிறது என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்து, 1979இல் அந்தச் சுவரையே பெயராகக் கொண்ட ஆல்பமாக வந்தது. கேட்க முடியாமல் போனதை உணர்ந்து, அதையே பாட்டாக்கியவர் அவர்.

தலைவர் வேறு, முன்னால் நிற்பவர் வேறு

இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் தொடக்கத்தில் சொன்ன வழக்கு தீராது. அயர்ன் மெய்டனை 1975இல் தொடங்கியவர் பேஸ் கிதார் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸ். பாட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதுபவரும் அவரே. டிக்கின்சன் 1981இல்தான் வந்தார், 1993இல் விலகினார், 1999இல் திரும்பினார். பேண்டு இடையில் நிற்கவே இல்லை. ஏசி/டிசி பேண்டில் பாட்டின் முதுகெலும்பாக இருந்தது, 2017இல் இறந்த மால்கம் யங்கின் ரிதம் கிதார். மேடையில் அவர் பின்னால்தான் நின்றார்.

ஆள் மாறினால்

1980ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். பிப்ரவரியில் ஏசி/டிசியின் பாடகர் பான் ஸ்காட் இறந்தார். ஐந்தே மாதத்தில், ஜூலையில், பிரையன் ஜான்சன் என்ற புதியவருடன் வந்த ஆல்பம் உலகில் மிக அதிகம் விற்றவற்றுள் ஒன்றாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் லெட் செப்பெலின் பேண்டின் ஜான் பான்ஹம் இறந்தார். அவர் பாடகர்கூட இல்லை, டிரம்ஸ் வாசிப்பவர். முன்னிற்பவர் ராபர்ட் பிளான்ட் உயிரோடு இருந்தும், அந்த டிசம்பரில் பேண்டு கலைந்தது.

ஆக, ‘பாடகர் போனால் பேண்டு போச்சு’ என்று விதி எதுவும் இல்லை. மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால் எந்த பேண்டு தாங்கும் என்று ஓரளவு கணிக்கலாம்.

1. பாட்டுகளை யார் எழுதினார்கள்? விலகியவரே எழுதியிருந்தால் கஷ்டம். ஜெனிசிஸ் பேண்டிலிருந்து 1975இல் பாடகர் பீட்டர் கேப்ரியல் விலகியபோது மற்றவர்களுக்கும் எழுதத் தெரிந்திருந்தது. பல பாடகர்களைச் சோதித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் சொந்த டிரம்ஸ்காரர் ஃபில் காலின்ஸையே முன்னால் நிறுத்தினார்கள். பேண்டு முன்னைவிடப் பெரிதானது.

2. கண்ணை மூடிக் கேட்டால் அடையாளம் எதில் இருக்கிறது? குரலிலா, கிதாரிலா, எல்லோரும் சேரும் அழுத்தத்திலா? செப்பெலினில் அது நான்கு பேரின் பின்னலில் இருந்தது.

3. புதியவர் பழையவரின் நகலாக வருகிறாரா? வந்தால் பெரும்பாலும் எடுபடாது. ஃப்ரெடி 1991இல் இறந்த பிறகு, பல ஆண்டு கழித்துக் குவீனின் பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் ஆடம் லாம்பர்ட் என்ற பாடகரோடு சுற்றத் தொடங்கினார்கள். அவர் ஃப்ரெடியாக நடிக்கவில்லை. அந்த ‘ஏ...ஓ’வைப் பெரிய திரையில் ஃப்ரெடியே பழைய படத்திலிருந்து பாடினார், கூட்டம் பதில் பாடியது. அந்த இடத்தை நிரப்ப யாரையும் விடாமல் காலியாகவே வைத்தது நல்ல முடிவு.

லிங்கின் பார்க்கில் முன்னிடம் எப்போதுமே ஒருவருக்குச் சொந்தமாக இருந்ததில்லை. செஸ்டர் பாட, மைக் ஷினோடா ராப் செய்தார். பாட்டெழுதுவதிலும் இசையமைப்பதிலும் ஷினோடாவின் பங்கு பெரிது. அவர் இருக்கிறார். எமிலி வந்தது பாதி இடத்துக்கு, அதுவும் பெண் குரலோடு, நகலாக ஆக வாய்ப்பே இல்லாத ஒருவராக. அதனால் பேண்டு தொடர்வதில் தர்க்கம் இருக்கிறது. செஸ்டரின் குரலில் இருந்த வலி திரும்பாது என்று அழுகிறவர்களும் சொல்வது நிஜம்தான். இரண்டு கட்சியும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே பேண்டு தொடங்குகிறவர்களுக்கு

தமிழில் முன்னிடத்தை ஒருவரிடம் கொடுக்காமல் பலர் பகிர்ந்துகொள்ளும் வழியும் வந்துவிட்டது. இயக்குநர் பா.ரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் உருவாக்கி, 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானா, பறை, ராக், ராப் எல்லாவற்றையும் சேர்த்தது. இசைவாணி, அறிவு என்று ஆள் மாறி மாறி முன்னால் வந்தார்கள். நம் ஊர் மேடைப் பழக்கத்துக்கு இது பொருத்தமான வடிவம் என்றே தோன்றுகிறது.

எந்த வடிவமானாலும் சில காரியங்களை முதல் நாளே பழகலாம். ஒத்திகையை உட்கார்ந்து செய்யாமல், மேடையில் நிற்கப்போகும் அதே வரிசையில் நின்று செய்ய வேண்டும். கூட்டத்தைப் பாடவைக்கப் போகிற இடத்தை முன்கூட்டியே முடிவு செய்து, அங்கே டிரம்ஸை நிறுத்தச் சொல்லி வைக்க வேண்டும். மைக் செட்காரர் வந்ததும் முதலில் கேட்க வேண்டியது எக்கோ அல்ல. ஒரு ஸ்பீக்கரைத் தங்கள் பக்கம் திருப்பி, அதில் டிரம்ஸும் தன் குரலும் கேட்கும்படி வைக்கச் சொல்ல வேண்டும். அந்த ஸ்பீக்கர் மைக்கின் முதுகைப் பார்த்து இருக்கட்டும், முகத்தைப் பார்த்தால் ஊளையிடும்.

ஒலி பிந்துவதைக் காதாலேயே தெரிந்துகொள்ள விரும்பினால் ஒரு பள்ளி மைதானம் போதும். 100 மீட்டர் ஓட்டப் பாதையின் ஒரு முனையில் ஒருவர் தகரத்தையோ டிரம்மையோ நிதானமாக அடிக்கட்டும். மறுமுனையில் நான்கு பேர் அந்த ஓசையைக் கேட்டுச் சேர்ந்து கைதட்டட்டும். அடிக்கிறவர் பக்கத்தில் ஒரு செல்போனில் பதிவு செய்யுங்கள். திரும்பப் போட்டுக் கேட்டால், நான்கு பேரும் சரியாகத் தட்டியும், ஒவ்வொரு தட்டலும் அரை நொடிக்கு மேல் பிந்தி விழுவது தெளிவாகக் கேட்கும்.